கொழுப்பிருந்தும் வழியில்லை

பயண நாள் 58, காலை 08:10. பின்கூடு.

அறை வெப்பம் பத்தொன்பது. காற்றழுத்தம் சரி. கழிவுநீர்க் குழாயில் இன்று அடைப்பு இல்லை. நேற்று இருந்தது, அதைப் பற்றி எழுதப் போவதில்லை. ஆட்டத்தை வைத்துக் கனம் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த எடை நூற்று நான்கு கிலோ.

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். பெயர் நப்பின்னை, வயது பதினேழு, ஊர் தூத்துக்குடி. பள்ளிக்கூடத்தில் கபடி, கோ-கோ, ரிலே என்று எந்தத் தேர்வுக்குப் போய் நின்றாலும் என்னைப் பார்த்ததும் பி.டி. மாஸ்டர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிடுவார். அதே எடைக்காக என்னைக் கூப்பிட்டு வைத்துக்கொண்ட ஒரே இடம் விண்வெளி. இங்கே எடையே கிடையாது என்பது வேறு விஷயம்.

கப்பலின் பெயர் 'வலம்புரி'. பூமியை விட்டுக் கிளம்பி ஒரு பெரிய சுற்றுச் சுற்றித் திரும்பும் சோதனைப் பயணம். மொத்தம் நாலு பேர். கேப்டன் ரொசிட்டா பர்னாந்து, டாக்டர் ஹபீபா, சோதனைக்கு வந்த ஒல்லி எலி சுடலைமுத்து ஆகிய மூவரும் முன்கூட்டில். குண்டு எலியாகிய நான் மட்டும் தனியாகப் பின்கூட்டில். சுடலையும் நானும் ஒரே இடத்தில் இருந்தால் கப்பல் உருப்படாது என்று டாக்டர் முதல் வாரமே பிரித்துவிட்டார். பேச்செல்லாம் ரேடியோவில்தான்.

ஆட்களைக் குளிர்த்தூக்கத்தில் போட்டால், உடம்புக் கொழுப்பையே கரைத்துப் பிழைத்துக்கொள்வார்களா? அதுதான் சோதனை. என் தொப்புளுக்கு நான்கு விரல் தள்ளித் தோலுக்கடியில் முடியளவு குழாய் ஒன்று ஓடுகிறது. ஒரு முனையில் உப்புநீர் உள்ளே போகும். கொழுப்புத் திசுவின் ஈரத்தில் கிடப்பதைக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு மறுமுனையில் வெளியே வரும். கொழுப்பு உடையும்போது கிளிசரால் என்ற சரக்கு வெளியே விழும். கிளிசரால் அதிகமென்றால் கொழுப்பு நன்றாகக் கரைகிறது என்பது பங்காளியின் கணக்கு.

பங்காளி என்பது பங்கீட்டு இயந்திரம். சோறு, தண்ணீர், மருந்து எல்லாம் அது வைத்ததுதான் பங்கு. மனிதர்கள் பங்கு போட்டால் சொந்தபந்தம் பார்ப்பார்களாம். அதனால் கேப்டன்கூட அதில் கை வைக்க முடியாது. என் கிளிசரால் எப்போதும் சுடலையுடையதைவிட அதிகமாக இருக்கிறது. பங்காளி எனக்கு 'மிக நன்று' போட்டிருக்கிறது. வாழ்க்கையில் என் வயிற்றுக்குக் கிடைத்த முதல் 'மிக நன்று'.

பயண நாள் 60, மாலை 17:30

இன்றைய சாதனை: கேப்டனின் பழைய அறிவிப்புகளிலிருந்து சொற்களை வெட்டி ஒட்டிச் சுடலையின் அறை ஒலிபெருக்கியில் விட்டேன். "சுடலை, ஒன் அறையில காத்து கசியுது. வாளிய எடுத்துக்கிட்டு ஓடியா."

காற்றுக் கசிவுக்கு வாளி எதற்கு என்று யோசிக்காமல் வாளியோடு ஓடியிருக்கிறான். முன்கூட்டில் கேப்டன் சிரித்த சத்தம் ரேடியோ இல்லாமலே கேட்டிருக்கும். அவன் வயிற்றுக் குழாயில் கிளிசரால் கோடு விர்ரென்று ஏறிவிட்டது. பயந்தால் அட்ரினலின் ஊறும், அது சங்கு ஊதினால் கொழுப்புச் செல்கள் சரக்கை அவிழ்த்துவிடும், கூடவே ரத்தக்குழாய்களும் அகலும் என்று டாக்டர் விளக்கினார். விளக்கிவிட்டுத் திட்டினார்.

முன்கூடு, டாக்டர் ஹபீபா: "சோதனையக் கெடுக்குறீங்க ரெண்டு பேரும். இனி வாலாட்டுனா சாப்பாட்ல உப்புமா மட்டும்தான் வரும், பாத்துக்கோங்க."

பயண நாள் 61, பகல் 12:45

சுடலை பழிவாங்கிவிட்டான். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இரும்பு கிழியும் சத்தத்தை முழு ஒலியில் விட்டான். கூடு பிளந்துவிட்டது என்றே நினைத்தேன். கையிலிருந்த உப்புமா அறை முழுக்க மிதந்தது. ஆமாம், உப்புமா. மார்புப் பட்டையில் இதயத் துடிப்பு நூற்று நாற்பதைத் தொட்டது.

வயிற்றுக் கோடோ அசையவே இல்லை. ரேடியோவில் அவனிடம் பெருமை அடித்தேன்: நெஞ்சுதான் பயந்தது, என் தொப்பை பயப்படவில்லை, அது வீரத் தொப்பை.

பயண நாள் 64, காலை 10:05

சத்தம். இந்த முறை சுடலை இல்லை.

பயண நாள் 64, காலை 11:40

பட்டாணி அளவு கல். இரு கூடுகளுக்கும் நடுவில் இருந்த நடைவழியைத் துளைத்துப் போய்விட்டது. நடைவழி இல்லை. அதையொட்டி இருந்த உணவுக் கிடங்கும் இல்லை. நாலு பேரும் உயிரோடு இருக்கிறோம். சுடலை ரேடியோவில் என் பெயரை மூன்று முறை கூப்பிட்டான். குண்டு என்று சொல்லாமல் முழுப்பெயரைச் சொன்னதால் அவனுக்கு உண்மையிலேயே பயம் என்று தெரிந்தது.

இப்போது இரு கூடுகளுக்கும் நடுவே இருக்கும் ஒரே தொடர்பு, வெளிப்பக்கத் தண்டவாளத்தில் ஓடும் சிறு பெட்டி. தூக்கு என்போம். இதுவரை எனக்குச் சோறு வந்ததும் அதில்தான். ஆள் போக முடியாது. நான் நிச்சயம் போக முடியாது.

பயண நாள் 64, மாலை 18:20

பங்காளி பங்கு போட்டுவிட்டது. எழுத்து மாறாமல் தருகிறேன்.

பங்காளி: "உதவிக் கப்பல் சந்திக்கும்வரை உணவு, குளுக்கோஸ் பைகளையும் சேர்த்து, மூவருக்கே போதும். நப்பின்னை குளிர்த்தூக்கத்தில் இடப்படுவார். உடலில் கொழுப்பு நாற்பத்தெட்டு கிலோ. கரைவு மிக நன்று. வெளி ஊட்டம் தேவையில்லை. பின்கூட்டில் உள்ள எட்டுக் குளுக்கோஸ் பைகளைத் தூக்கில் முன்கூட்டுக்கு அனுப்பவும்."

குளிர்ப் படுக்கை என் அறையில்தான் இருக்கிறது. பைகளும் என் அறையில்தான். ஆகவே நான்தான். கேப்டன் ரேடியோவில் வந்தார். கட்டாயப்படுத்தவில்லை என்றார். சுடலை, நீ கட்டுச்சோறோடு பிறந்தவள், கவலைப்படாதே என்றான். அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

நான் சரி என்றேன். நாலு பேரில் ஒருத்தி தூங்கி மூன்று பேர் பிழைத்தால் நல்ல பேரம். தவிர, என் தொப்பையை நம்பி ஒரு கப்பலே இருக்கிறது. பி.டி. மாஸ்டருக்கு யாராவது தகவல் சொல்லுங்கள்.

பயண நாள் 65, காலை 09:15

சரி என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

தூங்குவதற்கு முன் பழைய கோடுகளை ஒருமுறை பார்க்கச் சொன்னார் டாக்டர். பார்த்தேன். வாளியோடு ஓடிய அன்று சுடலையின் இதயக் கோடும் கொழுப்புக் கோடும் சேர்ந்தே ஏறியிருக்கின்றன. உப்புமா பறந்த அன்று என் இதயக் கோடு கூரையைத் தொடுகிறது, கொழுப்புக் கோடு தரையில் கிடக்கிறது. வீரத் தொப்பை இல்லை. செவிட்டுத் தொப்பை. சங்கு ஊதியது அதற்குக் கேட்கவில்லை.

குளிர்த்தூக்கத்தில் உடம்புக்கு அதிகம் வேண்டாம். ஆபத்து விழிக்கும்போது. ஜில்லிட்ட உடம்பைத் திரும்பச் சூடாக்கும் அந்தச் சில மணி நேரத்தில் அட்ரினலின் சங்கு ஊதும், கொழுப்பு மளமளவென்று எரிபொருளை ரத்தத்தில் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் இதயம் பாதி வழியில் நின்றுவிடும். அப்போது கைகொடுக்கத்தான் குளுக்கோஸ் பை. அதைத்தான் பங்காளி கேட்கிறது.

அப்படியானால் என் கிளிசரால் எப்போதும் அதிகமாக இருப்பது ஏன்? இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, சரக்கு நிறைய இறங்குகிறது. இரண்டு, இறங்கிய கொஞ்சச் சரக்கையும் ஏற்றிப் போக லாரி வரவில்லை, வாசலிலேயே குவிந்து கிடக்கிறது. என் குழாய் வாசலில்தான் நிற்கிறது. அதற்குக் குவியல் தெரியும், லாரி தெரியாது.

டாக்டரிடம் சொன்னேன். பைகளை அனுப்ப மாட்டேன் என்றும் சொன்னேன்.

பயண நாள் 65, காலை 10:30

ரேடியோவில் சண்டை. கேப்டனுக்கு என் காரணம் காதிலேயே ஏறவில்லை.

முன்கூடு, கேப்டன் ரொசிட்டா: "ஏட்டி, மூணு பேரு வயிறு இங்க காயப் போவுது. நீ எட்டுப் பையையும் கட்டிப் புடிச்சிக்கிட்டு இருக்க. நேத்து சரின்ன, இன்னைக்கு ஏன் மாத்திப் பேசுத?"

பின்கூடு, நான்: "நேத்து எனக்குத் தெரியாதுக்கா. எனக்குப் பசிக்குதுன்னு பைய கேக்கல. முழிக்கும்போது செத்துருவேன்னு சொல்லுதேன்."

முன்கூடு, சுடலை: "அவ்வளவு கொழுப்ப வச்சிக்கிட்டு எவளாவது பட்டினியில சாவாளா?"

இதை அவன் கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டான். அதுதான் சுருக்கென்றது. கேலி என்றால் பதில் வைத்திருப்பேன்.

இதுவரை யாரும் என்னைத் தின்னி என்று சொல்லவில்லை. ஆனால் ரேடியோவின் இரைச்சலில் அது கேட்டது. கேட்கட்டும். நூற்று நான்கு கிலோவையும் இந்த அறைக் கதவுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கிறேன். சோதித்துக் காட்டுங்கள், லாரி வருகிறது என்று நிரூபித்தால் எட்டுப் பையையும் ரிப்பன் கட்டி அனுப்புகிறேன். இல்லாவிட்டால் ஒன்றும் வராது.

முன்கூடு, டாக்டர் ஹபீபா: "சரிம்மா. ஸ்பிரிட்டு இருக்குல்ல ஒங்கிட்ட? புண்ணு தொடைக்கிறது? அத எடு."

பயண நாள் 65, மதியம் 14:10

என் தொப்பைக்குச் சாராயம் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் சொல்ல வேண்டாம்.

முறை இதுதான். வயிற்றுக் குழாய்க்குள் போகும் உப்புநீரில் ஸ்பிரிட்டை ஒரு துளி அளவு கலக்க வேண்டும். கொழுப்புத் திசுவுக்கு ஸ்பிரிட்டை என்ன செய்வதென்று தெரியாது, வைத்துக்கொள்ளாது, உடைக்காது. அக்கம்பக்கத்து ரத்தம்தான் அதை அடித்துக்கொண்டு போக வேண்டும். ரத்தம் நன்றாக ஓடினால் மறுமுனையில் வெளிவரும் ஸ்பிரிட் குறையும். ரத்தம் சோம்பினால் போட்டது போட்டபடி திரும்பி வரும். சுடலைக்கும் அதே துளி.

சும்மா இருக்கும்போது: அவனிடம் பத்துப் பங்கில் ஆறு திரும்பியது. என்னிடம் கிட்டத்தட்ட ஒன்பது.

அடுத்தது, பயமுறுத்திப் பார்ப்பது. விளையாட்டு அலாரத்துக்கு இனி யாரும் ஏமாற மாட்டோம். கணக்குப் பரீட்சை வைக்கலாம் என்றார் டாக்டர். ஆயிரத்திலிருந்து பதினேழு பதினேழாகக் கழித்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கேப்டன் சுடலையைப் பக்கத்தில் நின்றும் என்னை ரேடியோவிலும் திட்ட வேண்டும். கேப்டன் முன்பு கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் கணக்கு எடுத்தவர். இந்த வேலையைச் செய்ய இவ்வளவு ஆசையாக யாரையும் நான் பார்த்ததில்லை.

முன்கூடு, கேப்டன் ரொசிட்டா: "தொள்ளாயிரத்து அறுபத்தாறா? அறுபத்தாறுக்குப் பொறவு என்னட்டி? வாயில என்ன, கொழுக்கட்டையா? மொதல்லருந்து சொல்லு."

என் துடிப்பு நூற்று முப்பதுக்குப் போனது. உள்ளங்கை வேர்த்தது. சுடலையின் ஸ்பிரிட் ஆறிலிருந்து நாலுக்கு இறங்கியது. அவன் ரத்தம் பயத்தில் கொழுப்புக்குள் பாய்ந்துவிட்டது. என்னுடையது ஒன்பதிலேயே உட்கார்ந்திருந்தது.

கேப்டன் திட்டுவதை நிறுத்தினார்.

பயண நாள் 65, மாலை 16:00

டாக்டர் விளக்கினார். பருத்த உடம்பில் கொழுப்புச் செல்கள் ஊதிப் பெரிதாகின்றன; அதே அளவுக்கு நுண்குழாய்கள் கூடவே வளர்வதில்லை. ஒவ்வொரு கிலோ கொழுப்புக்கும் கிடைக்கும் ரத்தம் குறைவு, பரிமாறும் சுவர் குறைவு. அட்ரினலின் சங்குக்கு மரியாதையும் குறைவு. மொத்தமாகப் பார்த்தால் என் உடம்பில் ஓடும் சரக்கு குறைவில்லை, ஏனென்றால் கிடங்கு பெரிது. ஆனால் அவசரத்துக்குக் கூடுதலாக இறக்கச் சொன்னால் இறங்காது. பங்காளியோ ஒல்லி உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு எவ்வளவு இறக்குகிறதோ அதை எடுத்து, என் நாற்பத்தெட்டால் பெருக்கிவிட்டது. பெருக்கல் சரி. ஆள்தான் தப்பு.

முன்கூடு, டாக்டர் ஹபீபா: "இந்தச் சூத்திரத்துக்கு உடம்பு குடுத்தவங்க பூராவும் விண்வெளி வீரருங்கம்மா. ஒருத்தருக்கும் தொப்ப கெடையாது. அது எங்க யாருக்கும் தோணல. கையெழுத்துப் போட்டதுல நானும் ஒருத்தி."

அதோடு இன்னொன்றும் சொன்னார். இதே சூத்திரத்தை நம்பி அடுத்து ஒரு பெரிய கப்பல் கிளம்பக் காத்திருக்கிறது. நாற்பது பேர் தூங்கிக்கொண்டு போகிறார்கள். அதில் கனத்தவர்களுக்குப் பை கிடையாது. சொந்தக் கொழுப்பு போதும் என்று எழுதியாகிவிட்டது. நேரே சொல்லிவிடலாம் என்றால் தூரத்து ஆன்டெனா கல்லோடு போய்விட்டது. பங்காளியின் அவசர அலைவரிசை மட்டும்தான் பூமிக்கு எட்டும்; அபாயக் குறியையும் முடிந்த சோதனையின் முடிவையும் தவிர வேறு எதையும் அது அனுப்பாது. அதாவது நான் தூங்கி எழுந்த பிறகு.

எனக்கு அந்த நாற்பது பேரில் ஒருவரையும் தெரியாது. யாரோ ஒரு பையன், யாரோ ஒரு டீச்சர். "கட்டுச்சோறோடு பிறந்தவங்க" என்று அவர்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

புதிய கணக்கு: விழிக்கும் நேரத்துக்கு எனக்கு மூன்று பை போதும். ஐந்தை அனுப்புகிறேன். முன்கூட்டில் அரை வயிறு, இங்கே அரை உயிர். எல்லோருக்கும் சம்மதம். கேப்டன், கழித்தல் கணக்கை மட்டும் ஊருக்குப் போய்ச் சரியாகக் கற்றுக்கொள் என்றார். கேப்டன் மன்னிப்புக் கேட்கும் விதம் இது.

பயண நாள் 66, காலை 08:40

பங்காளிக்குச் சம்மதமில்லை.

பங்காளி: "பெறப்பட்டவை ஐந்து. எதிர்பார்ப்பவை எட்டு. மீதி மூன்றும் எடை சரிபார்க்கப்பட்டுப் பெறப்படும்வரை முன்கூட்டு உணவுப் பெட்டி திறக்காது."

டாக்டர் ஸ்பிரிட் கணக்கை அதனிடம் காட்டினார். 'இந்த அளவீட்டுக்குச் சூத்திரத்தில் இடமில்லை' என்றது. கேப்டன் அதட்டினார். 'பங்கீட்டில் கேப்டனுக்கு அதிகாரம் இல்லை' என்றது. மூன்று பேர் நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீரில் இருக்கிறார்கள்.

எடை சரிபார்க்கப்பட்டு. இந்த இரண்டு சொற்களையும் நான் இரண்டு முறை படித்தேன். பங்காளி பையைத் திறந்து பார்ப்பதில்லை. தூக்குப் பெட்டியை எடை போடுவதோடு சரி. என்னையும் அப்படித்தான் போட்டது.

உப்புநீர் தீர்ந்த மூன்று காலிப் பைகளை எடுத்துக் குளியல் தண்ணீரை நிரப்பி, உப்பைப் போட்டு, குளுக்கோஸ் பையின் எடைக்குச் சரியாகக் கொண்டுவந்தேன். ஒன்றின் மேல் மீசை வரைந்தேன், சுடலைக்காக.

பங்காளி: "எட்டுப் பைகள் பெறப்பட்டன. நன்றி. உணவுப் பெட்டி திறக்கிறது."

முன்கூடு, டாக்டர் ஹபீபா: "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறேன்."

முன்கூடு, சுடலை: "மீசை கேவலமா இருக்கு. திரும்பி வந்து ஒழுங்கா வரைஞ்சு குடு."

பயண நாள் 66, பகல் 13:20

படுக்கையில். மூன்று பைகளும் கையில் பொருத்தியாயிற்று. விழிக்கும்போது தானே இறங்கும். மருந்து ஏறுகிறது. உடம்பு வெப்பம் முப்பத்து நான்கு. எழுதும் விரல் மெதுவாகிறது. நடுக்கம் முதலில் வந்தது, இப்போது போய்விட்டது. போனது நல்லதல்ல என்று டாக்டர் முன்பு சொன்னார். இப்போது நல்லது என்கிறார். யாரை நம்ப.

சுடலை ரேடியோவில் எதையோ பாடுகிறான். சுருதி இல்லை. தூங்கிவிட்டால் கேட்காது என்பது ஒரு வசதி.

முப்பத்து இரண்டு. தூங்கும்போது எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். நான் இல்லாத நேரத்தில் என்னைப் பற்றிப் பங்காளி என்ன எழுதுமோ

பயண நாள் 119, நேரம் தெரியவில்லை

விழிப்பு. உயிர் இருக்கிறது. குளிர். தாடை பூட்டிக்கொண்டது, பேச வரவில்லை. தட்டச்சு மட்டும். இரண்டு பை காலி. மூன்றாவது பாதி. உதவிக் கப்பல் நெருங்குகிறதாம், அதற்குத்தான் எழுப்பியிருக்கிறது.

திரையில் கொழுப்புக் கோடு. பங்காளி சொன்னது நூறு. வந்தது முப்பத்தொன்று. பை இல்லாவிட்டால் இந்த வரி இல்லை.

பங்காளி: "கரைவு எதிர்பார்ப்பை எட்டவில்லை. காரணம்: ஆள் இயல்புக்கு மாறானவர். உறுதி செய்யவும். ஆம் / இல்லை. உறுதிக்குப் பின் அறிக்கை பூமிக்குச் செல்லும். சூத்திரம் மாறாது. வெந்நீர்க் குழாய் திறக்கும்."

வெந்நீர். கடவுளே வெந்நீர்.

முன்கூடு, கேப்டன் ரொசிட்டா: "ஆமான்னு அமுக்கித் தொலைட்டி. மொதல்ல தண்ணியக் குடி. பொறவு பாத்துக்கிடலாம்."

முன்கூடு, டாக்டர் ஹபீபா: "பொறவுன்னு ஒண்ணு கெடையாது கேப்டன். ஆமான்னா அது அப்டியே போயிரும். அந்தக் கப்பல் கெளம்பிரும்."

பெரிய கப்பல் இன்னும் கிளம்பவில்லையாம். இந்த அறிக்கைக்குத்தான் காத்திருக்கிறது.

நான் மாறானவள் இல்லை. நாற்பது பேரில் எத்தனை பேர் என்னைப் போல. எல்லோரும் மாறானவர்களா?

இல்லை.

பங்காளி: "மீண்டும் உறுதி செய்யவும். ஆம் / இல்லை."

இல்லை. விரல் நீலம். நடுக்கம் திரும்பிவிட்டது, பல் அடிக்கிறது. மூன்றாவது பை தீர்கிறது.

பங்காளி: "மூன்று மறுப்புகளுக்குப் பின் பதிவேட்டு முடிவு கேப்டனுடையது. மீண்டும் உறுதி செய்யவும்."

விரல் மடங்கவில்லை. மூக்கால் அமுக்கினேன்.

இல்லை.

முன்கூடு, கேப்டன் ரொசிட்டா: "பங்காளி. பங்கு ஒன்னோடது, பதிவேடு என்னோடது. எழுது. ஆளு சரி. சூத்திரம் தப்பு. தண்ணியத் தொற."

பங்காளி: "பதிவு: சூத்திரம் பிழை. வெந்நீர்க் குழாய் திறக்கிறது. அடுத்த கப்பலுக்கான திருத்தக் குறிப்பை ஆள் எழுதவும். எழுத எழுதப் பூமிக்குச் செல்லும்."

குழாய் கையெட்டும் தூரம். முதலில் குறிப்பு. டாக்டர் கத்துகிறார், குடி குடி என்று. இரு டாக்டர். ஒரு வரி

எல்லாருக்கும் பை ஏத்துங்க. எட பாக்காதீங்க ரத்தம் போகுதான்னு பாருங்க. ஸ்பிரிட்டு ஒரு துளி போதும். நாப்பது பேருக்கும் பை. நாப்பது பேருக்கும் பை. நாப்ப